இங்கிலாந்தில் வாடகை வீடு: 2026 மே 1க்குப் பிறகு மாணவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

அருள்மொழி_கோவை

செப்டம்பரில் லெஸ்டருக்குப் படிக்க வரும் நான்கு பேருக்காகக் கேட்கிறேன். நான்கு அறை கொண்ட ஒரு வீடு, முழு வீட்டுக்கும் மாதம் 1,950 பவுண்டு. நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட் கேட்பவை இவை:

- ஆறு மாத வாடகை மொத்தமாக, சாவி தருவதற்கு முன்பே
- ஒன்றரை மாத வாடகை டெபாசிட், அதாவது 2,925 பவுண்டு
- ஆளுக்கு 60 பவுண்டு ரெஃபரன்ஸ் (பின்னணிச் சரிபார்ப்பு) கட்டணம்
- அடுத்த ஜூலை வரை யாரும் வெளியேறக் கூடாது

"வெளிநாட்டு மாணவர்களுக்கு இதுதான் வழக்கம்" என்கிறார். எது சட்டப்படி சரி, எது தவறு? இன்னொரு கேள்வியும் உண்டு. லண்டன் போகும் ஒருவருக்கு ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் குடும்பம் இருக்கும் வீட்டில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. மாதம் 550, கையில் காசாக, ஒப்பந்தம் எதுவும் இல்லை. அது பரவாயில்லையா?

முகில்

நீங்கள் எழுதிய நான்குமே இன்று செல்லாது. அவர் சொல்வது சென்ற வருடத்து வழக்கம்.

வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முன்பண வாடகை: ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகை என்று ஒரு பவுண்டு கூட வாங்கக் கூடாது. கையெழுத்துக்கும் குடிபுகும் நாளுக்கும் இடையில் அதிகபட்சம் ஒரு மாத வாடகை வாங்கலாம். குடிவந்த பிறகும், தவணை நாளுக்கு முன் கட்டச் சொல்லி நெருக்க முடியாது. வெளிநாட்டு மாணவர் என்று இதற்கு விதிவிலக்கு கிடையாது.

டெபாசிட்: வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைதான் உச்சம். இது 2019 ஜூன் முதலே இருக்கும் விதி. மாத வாடகையை நான்கால் வகுத்து வாரக் கணக்கு போடாதீர்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1,950ஐ 12ஆல் பெருக்கினால் 23,400. அதை 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 450. ஐந்து வாரம் என்றால் 2,250. அவர் கேட்பது 675 பவுண்டு அதிகம்.

ரெஃபரன்ஸ் கட்டணம், ஒப்பந்தம் எழுதும் கட்டணம், காலி செய்யும்போது கட்டாயச் சுத்தக் கட்டணம் எல்லாமே 2019 முதல் தடை. வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை, உங்கள் கணக்கில் 450, ஹோல்டிங் டெபாசிட்டாக வாங்கலாம். அதற்கு 15 நாள் கெடு. ஒப்பந்தம் போட்டால் முதல் வாடகையிலோ டெபாசிட்டிலோ கழிக்க வேண்டும். அவர்கள் பின்வாங்கினால் ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நீங்கள் பின்வாங்கினாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ அது போச்சு. ஆகவே இரண்டு வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஹோல்டிங் டெபாசிட் கட்டாதீர்கள்.

ஜூலை வரை வெளியேறக் கூடாது என்பதைப் பற்றி நிவேதா வந்தால் நன்றாகச் சொல்வார்.

செல்வநாயகம்

தம்பி, அந்த ஈஸ்ட் ஹாம் அறையைப் பற்றி நான் சொல்லுறன். காசு குடுக்க முந்தி ஒரு கேள்வி கேக்க வேணும்: வாடகை வாங்குற ஆள் அதே வீட்டிலதான் இருக்கிறாரோ?

இருக்கிறார், குசினியோ குளியலறையோ உங்களோட பகிருறார் எண்டால், நீங்கள் சட்டக் கண்ணில லாட்ஜர். முகில் சொன்ன புதுச் சட்டத்தின்ர பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. டெபாசிட்டை அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்தில போட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. வெளியேறச் சொல்ல கோர்ட் உத்தரவு தேவையில்லை, "நியாயமான அவகாசம்" குடுத்தால் போதும். மாத வாடகை எண்டால் பெரும்பாலும் ஒரு மாதம். எழுத்தில ஒண்டும் இல்லாட்டி அந்த ஒரு மாதத்துக்கும் நீங்கள் வாதாட வேண்டி வரும்.

அவர் அங்க இல்லை, வேற வீட்டில இருந்துகொண்டு அறை அறையாக வாடகைக்கு விடுறார் எண்டால் கதை வேற. ஒப்பந்தத் தாள் இல்லாட்டியும் நீங்கள் வாடகைதாரர்தான். வாய்ப்பேச்சும் வாடகை குடுத்த ஆதாரமும் காணும். அதனாலதான் சொல்லுறன், கையில காசு குடுக்காதேங்கோ. வங்கி மூலம் அனுப்பி, குறிப்பில "அறை வாடகை, ஜூன்" எண்டு எழுதுங்கோ. காசாத்தான் வேணும் எண்டு நிண்டால், வாங்கின உடன "இண்டைக்கு 550 தந்தனான்" எண்டு வாட்ஸ்அப்பில ஒரு வரி போட்டு, அவர் "ஓம்" எண்டு எழுதுற வரைக்கும் விடாதேங்கோ.

மூண்டாவது வகையும் இருக்கு. ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அதுக்குள்ள அறைகளை மறுவாடகைக்கு விடுறது. வீட்டின்ர சொந்தக்காரர் ஆர் எண்டு நிலப் பதிவகத்தில 7 பவுண்டு கட்டிப் பாக்கலாம். அரசாங்க இணையதளத்திலயே போங்கோ, தனியார் தளங்கள் அதே தாளுக்குக் கூடக் காசு கேக்கும். பேர் ஒத்துப்போகாட்டி, அறையை விடுறதுக்கு அவருக்கு அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ.

நிவேதா_கோவென்ட்ரி

"ஜூலை வரை வெளியேறக் கூடாது" என்பது இப்போது எழுதினாலும் செல்லாது. தனியார் வீடுகளில் நிலையான கால ஒப்பந்தமே இல்லாமல் போய்விட்டது. எல்லாமே மாதா மாதம் ஓடும் ஒப்பந்தம். குடியிருப்பவர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். அந்த நோட்டீஸ் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். வாடகை மாதம் 15ஆம் தேதி தொடங்குகிறது என்றால் 14ஆம் தேதியில் முடியும்படி தேதி போட்டு எழுதுங்கள். நாள் கணக்கில் தவறினால் இன்னொரு மாத வாடகை கேட்பார்கள்.

ஆனால் நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் முறையாக நோட்டீஸ் கொடுத்தால் நான்கு பேரின் குடியிருப்பும் சேர்ந்து முடிகிறது. மற்ற மூவர் சம்மதிக்கவில்லை என்றாலும் அப்படித்தான். ஒருவர் டிசம்பரில் படிப்பை விட்டு ஊருக்குப் போக முடிவு செய்து நோட்டீஸ் கொடுத்தால், மற்ற மூவரும் பிப்ரவரியில் வீடு தேட வேண்டியிருக்கும். தப்பிக்க வழி, அவர் நோட்டீஸ் கொடுக்காமல் இருப்பது. மாற்று ஆளைப் பிடித்து, ஓனர் சம்மதத்தோடு ஒப்பந்தத்தில் பெயர் மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாற்றத்துக்கு ஏஜென்ட் பொதுவாக 50 பவுண்டு வரைதான் வாங்கலாம்.

கூட்டு ஒப்பந்தத்தில் இன்னொன்று: ஒருவர் வாடகை கட்டாவிட்டால் அந்தப் பாக்கியை மற்ற மூவரில் யாரிடமிருந்தும் முழுதாக வசூலிக்கலாம். அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் போட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கேட்டுப் பாருங்கள், சில ஓனர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஓனர் பக்கம்: காரணம் சொல்லாமல் வெளியேற்றும் செக்ஷன் 21 ஒழிந்தது. விற்கவோ தானே குடிவரவோ போகிறார் என்றால் முதல் 12 மாதத்தில் வெளியேற்ற முடியாது, அதன் பிறகும் நான்கு மாத நோட்டீஸ் வேண்டும். மாணவர் வீடுகளுக்கு மட்டும் கிரவுண்டு 4ஏ என்று ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள், அடுத்த வருட மாணவர்களுக்கு வீட்டைக் காலி செய்து கொடுப்பதற்காக. அதற்கு இத்தனையும் பொருந்த வேண்டும்:

- இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பேராவது பகிர்ந்து வாழும் வீடு
- குடியிருப்பவர் எல்லோரும் முழுநேர மாணவர்
- இந்த வழியைப் பயன்படுத்தலாம் என்று ஓனர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்
- நான்கு மாத நோட்டீஸ், அது ஜூன் 1க்கும் செப்டம்பர் 30க்கும் இடையில் முடிய வேண்டும்
- குடிபுகும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாக ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்த வழி கிடையாது

கடைசி வரி முக்கியம். நவம்பரிலேயே அடுத்த செப்டம்பருக்குக் கையெழுத்து வாங்கும் ஓட்டம் இதனால்தான் குறைய வேண்டும். "இன்றே போடாவிட்டால் வீடு போய்விடும்" என்று பயமுறுத்தினால் நிதானமாக இருங்கள்.

அருள்மொழி_கோவை

மிக்க நன்றி. அப்படியென்றால் தனியார் மாணவர் விடுதிக் கட்டடங்கள்? அங்கேயும் முழு வருடப் பணம் கேட்கிறார்கள். அதுவும் தடைதானா?

முகில்

இல்லை, அங்கே விதி வேறு. மாணவர்களுக்காகவே கட்டப்பட்ட பெரிய விடுதிகள், அரசு ஏற்ற நடத்தை நெறியில் உறுப்பினராக இருந்தால், இந்தப் புதுச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிகளும் அப்படியே. அங்கே 44 வாரம், 51 வாரம் என்று நிலையான காலம் போடலாம், மொத்தமாக முன்பணமும் கேட்கலாம். நடுவில் கிளம்பினால் உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கும் வரை வாடகை ஓடும்.

ஆகவே அங்கே உங்களைக் காப்பது ஒப்பந்தத்தின் வாசகம். பணம் கட்டும் முன் மூன்று பத்தியைத் தேடிப் படியுங்கள்: விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, கல்லூரி இடம் கிடைக்காவிட்டால் என்ன, எந்தத் தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம். விசா மறுப்புக் கடிதத்தை இத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கெடு இருக்கும். கெடு தாண்டினால் அந்தப் பத்தி உங்களுக்கு உதவாது.

நெறியில் உறுப்பினரா என்பதை அந்த நெறியை நடத்தும் அமைப்பின் பட்டியலில் கட்டடத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் முத்திரை போதாது.

ராஜி_டெபாசிட்

டெபாசிட் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

பணம் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் போட்டு, அதன் விவரத் தாளையும் உங்களுக்குத் தர வேண்டும். அந்த மூன்று: டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். மூன்றின் இணையதளத்திலும் உங்கள் பெயர், அஞ்சல் எண், தேதி போட்டுத் தேடலாம். 31ஆம் நாள் மூன்றிலும் தேடுங்கள். எதிலும் இல்லை என்றால் திரையைப் படமெடுத்து வையுங்கள். கவுன்டி கோர்ட்டில் டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம், ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. தாமதமாகப் போட்டாலும் விதிமீறல்தான்.

திரும்ப வாங்கும்போது நடக்கும் சண்டையில், சேதம் என்று நிரூபிக்க வேண்டியது ஓனர். பணம் உங்களுடையது என்ற இடத்திலிருந்துதான் திட்டத்தின் நடுவர் தொடங்குவார். அவர் பார்ப்பது இரண்டு தாளை: குடிவந்த அன்றைய பொருட்பட்டியல், காலி செய்த அன்றைய பட்டியல். முதல் தாள் "நல்ல நிலை" என்று பொதுவாக எழுதி வரும். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். சமையலறை ஓவன் அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே கருகிய எண்ணெய்க் கறை இருந்தால் படமெடுங்கள். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தையும், குளியல் தொட்டியைச் சுற்றிய ரப்பர் ஓரத்தில் கறுப்பு பிடித்திருந்தால் அதையும், மின்சார, எரிவாயு மீட்டர் எண்களையும் எடுங்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனிலேயே வைத்திருந்தால் தேதியைப் பற்றி வாதம் வரும்.

புழக்கத் தேய்மானத்துக்குப் பிடித்தம் கூடாது. உண்மையான சேதத்துக்கும் புதுப் பொருளின் முழு விலையைக் கேட்க முடியாது. உதாரணமாக, 400 பவுண்டு கம்பளம், எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஆன பிறகு நீங்கள் இஸ்திரிப் பெட்டியால் சுட்டுவிட்டீர்கள். மிச்சம் மூன்று வருடம்தான். 400ஐ எட்டால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 150. அதற்கு மேல் கேட்டால் இந்தக் கணக்கை எழுதி அனுப்புங்கள். நடுவர் தீர்ப்புக்குக் கட்டணம் கிடையாது.

கண்ணன்77

இவ்வளவு சண்டை எதற்கு? கடைசி மாதம் வாடகை கட்டாமல் டெபாசிட்டில் கழித்துக்கொள் என்றால் முடிந்தது. வீட்டில் ஈரப் பூஞ்சை, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றாலும் அதேதான், சரி செய்யும் வரை வாடகையை நிறுத்த வேண்டியது.

நிவேதா_கோவென்ட்ரி

கண்ணன், இதைப் படித்து யாரும் செய்துவிடக் கூடாது. வாடகையை நிறுத்தினால் அது பாக்கி, வேறு பெயர் கிடையாது. மூன்று மாதப் பாக்கி சேர்ந்தால் நான்கு வார நோட்டீஸில் கோர்ட்டுக்குப் போகலாம், விசாரணை நாளிலும் அவ்வளவு பாக்கி இருந்தால் நீதிபதி வீட்டை ஓனருக்குத் தந்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்த பாக்கியிலும் வழக்குப் போட முடியும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் நீங்களே ஆயுதத்தைக் கொடுப்பதுபோல் ஆகும். அடுத்த வீட்டுக்கான ரெஃபரன்ஸும் கெடும்.

பூஞ்சைக்கும் ஹீட்டருக்கும் சரியான வழி: முதலில் எழுத்தில் புகார். போனில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம், ஓனரின் பொறுப்பு அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. கட்டமைப்பு, குழாய், வெந்நீர், சூடாக்கி எல்லாம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஓனர் கடமை. ஒப்பந்தத்தில் "வாடகைதாரர் பொறுப்பு" என்று எழுதினாலும் மாறாது. நியாயமான காலத்தில் செய்யவில்லை என்றால் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றம்) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், வந்து பார்த்து ஓனருக்கு உத்தரவு போட அதிகாரம் உண்டு.

"துணியை உள்ளே காயப்போட்டதால் பூஞ்சை" என்பது வழக்கமான பதில். அதற்கு உங்கள் பதில் படத்தில் இருக்க வேண்டும். மழை பெய்த பின் பெரிதாகும் கறை என்றால் பெரும்பாலும் சுவர் ஒழுகல். தேதியோடு வாரம் ஒரு படம் எடுத்தால் அது தெரியும்.

செல்வநாயகம்

லைசென்சையும் சொல்ல வேணும். ஒரே குடும்பம் இல்லாத அஞ்சு பேர் அல்லது கூட, குசினி, குளியலறை பகிருற வீடு எண்டால் கவுன்சிலின்ர லைசென்ஸ் கட்டாயம். மூண்டு, நாலு பேர் எண்டாலும் சில கவுன்சில்கள் கேக்கும். ஈஸ்ட் ஹாம் நியூஹாம் கவுன்சிலுக்குள்ள வருது. வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் எண்டதை 2013இலேயே பெரிய அளவில கொண்டுவந்த கவுன்சில் அது. பதிவேட்டை இணையத்தில பாக்கலாம்.

லைசென்ஸ் தேவைப்படுற வீட்டை லைசென்ஸ் இல்லாமல் விட்டால், கட்டின வாடகையைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பாயத்தில கேக்கலாம். முந்தி உச்சம் 12 மாத வாடகை, இப்ப 24 மாதம். வங்கிக் கணக்கில அனுப்பின ஆதாரம் இல்லாட்டி இதெல்லாம் வெறுங்கதை, அதால திருப்பித் திருப்பிச் சொல்லுறன்.

அறையையும் அளந்து பாருங்கோ. லைசென்ஸ் வேண்டிய வீட்டில பெரிய ஆள் ஒருவர் படுக்குற அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, ரெண்டு பேருக்கு 10.22. ஒரு சின்ன அறையில ரெண்டு அடுக்குக் கட்டில் போட்டு நாலு பெடியளை விடுற இடங்களில ஒரு தீப்பிடிச்சால் ஆரும் வெளியில வரேலாது. வாடகை குறைவு எண்டு அதுக்குள்ள போகாதேங்கோ.

பூட்டை மாத்தி வெளியில விட்டால், லாட்ஜர் இல்லாத வாடகைதாரருக்கு அது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோர்ட் உத்தரவு இல்லாமல் ஆரும் சாமானை எடுத்து வெளியில வைக்கேலாது. உடன கவுன்சிலுக்கும், பயமுறுத்தினால் பொலிசுக்கும் எடுங்கோ. பொலிஸ் "இது சிவில் விசயம்" எண்டு சொன்னால், சட்டவிரோத வெளியேற்றம் எண்டு அந்தச் சட்டத்தின்ர பேரைச் சொல்லுங்கோ.

ராஜி_டெபாசிட்

சின்னதாக இரண்டு. குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பது இங்கிலாந்தில் ஓனரின் கடமை. அதற்கு அரசு இணையதளத்தில் நீங்கள் எடுக்கும் ஷேர் கோடு என்ற குறியீட்டைக் கொடுத்தால் போதும், ஆர் எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அடுத்து கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி): வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் விலக்கு, ஆனால் அது தானாக வராது. பல்கலைக்கழகத்திடம் மாணவர் சான்று வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். படிப்பு முடிந்த பிறகு இந்த விலக்கு கிடையாது.

இங்கே சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு. கிளாஸ்கோ, கார்டிஃப் போகிறவர்களுக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டங்கள் தனி.

அருள்மொழி_கோவை

ஏஜென்டுக்கு முகில் போட்ட கணக்கை அப்படியே எழுதி அனுப்பினோம். டெபாசிட்டை 2,250 ஆக்கிவிட்டார், ரெஃபரன்ஸ் கட்டணத்தையும் எடுத்துவிட்டார். ஆறு மாதப் பணத்துக்குப் பதில் பிரிட்டனில் இருக்கும் ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார். ஒருவரின் சித்தப்பா ஹாரோவில் இருக்கிறார், கையெழுத்துப் போடத் தயார். போடலாமா?

முகில்

ஜாமீன் கேட்பது சட்டப்படி தடையில்லை. ஆனால் சித்தப்பாவை அந்தத் தாளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். கூட்டு ஒப்பந்தம் என்பதால், வார்த்தையை மாற்றாவிட்டால் அவர் நான்கு பேரின் வாடகைக்கும் ஜாமீன் நிற்கிறார், தன் அண்ணன் பிள்ளைக்கு மட்டும் இல்லை. "மொத்த வாடகையில் நான்கில் ஒரு பங்கு, மாதம் 487.50 பவுண்டு, மற்றும் அந்த ஒருவர் செய்த சேதம் வரை மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். எவ்வளவு காலத்துக்கு, வாடகை ஏறினால் அதற்கும் பொறுப்பா என்பதையும் எழுத வேண்டும். ஒப்பந்தம் மாதா மாதம் ஓடுவதால், தேதி போடாத ஜாமீன் முடிவில்லாமல் நீளக்கூடும்.

மற்ற மூவருக்கு ஆள் இல்லையென்றால் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள், சில பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்கு ஜாமீன் நிற்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் இந்த நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்று ஏஜென்ட் கட்டாயப்படுத்த முடியாது.

திருத்திய ஜாமீன் தாள் கைக்கு வந்த பிறகு மட்டும் 450 பவுண்டு ஹோல்டிங் டெபாசிட்டைக் கட்டுங்கள். முதலில் கட்டிவிட்டு, ஜாமீன் வாசகம் பிடிக்காமல் நீங்கள் பின்வாங்கினால் அதைத் தர மறுப்பார்கள்.